கட்டுமலையிலிருந்து கொல்லிமலை வரை

சனிக்கிழமை, கும்பகோணம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் வாய்க்காலும்தான், மலை என்று காட்ட ஒன்றும் கிடையாது. அதனால்தான் டெல்டாவில் ஒரு கல்யாணம் என்றால், சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பழைய கூட்டாளிகள் எல்லாரும் "வந்தது வந்தோம், அப்படியே ஒரு மலைக்குப் போய்வருவோம்" என்று ஆரம்பிப்பார்கள். ஆசை நியாயமானது. கெடுவதெல்லாம் தூக்கத்தில்தான். கல்யாண வீட்டில் இரண்டு ராத்திரி கண் விழித்துவிட்டு மூன்றாம் நாள் மலைப்பாதையில் ஏறினால், பாதி வண்டி வாந்தி எடுக்கும், ஓட்டுநருக்குக் கண் சொருகும். இந்த ஐந்து நாள் திட்டம் முழுக்கத் தூக்கத்தைக் கணக்கில் வைத்துப் போட்டது.

ஆட்கள் 11 பேர். தை மாத ஞாயிறு முகூர்த்தம், திங்கள் காலை மலைக்குக் கிளம்பி, புதன் திரும்புவது. ஞாயிறு முகூர்த்தம் அமைந்தால் இதில் ஒரு லாபம் உண்டு: மலையில் இருக்கும் நாட்கள் வாரநாட்களாகிவிடும். கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு.

ஊட்டி, கொடைக்கானல் இரண்டையும் முதலிலேயே தள்ளிவிட்டோம். தூரம் ஒரு காரணம். 2024 மே 7 முதல் அந்த இரண்டு ஊருக்கும் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. கல்யாண அவசரத்தில் வண்டி எண் கடைசி நேரத்தில் மாறும், பாஸ் பழைய எண்ணில் இருக்கும். கொல்லிமலைக்கு அந்தத் தொல்லை இல்லை. கும்பகோணத்திலிருந்து சுமார் 230 கிலோமீட்டர், ஒரு காலைப்பொழுதில் போய்விடலாம்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு உழவன் விரைவு ரயில் வசதி. எழும்பூரில் ராத்திரி ஏறினால் விடியற்காலையில் கும்பகோணம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பத்திரிகை கைக்கு வந்த பிறகு டிக்கெட் தேடினால் தை மாதத்தில் கிடைக்காது, தேதி குறித்ததுமே நாளை எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். அறைக்கும் அதே கதைதான். மண்டப வாடகை பெரும்பாலும் கல்யாண நாள் மத்தியானத்தோடு முடிந்துவிடும். சாப்பாட்டுப் பந்தி எழுந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். ஞாயிறு ராத்திரி தூங்குவதற்கு மண்டபத்தை நம்பாமல் தனியாக அறை எடுப்பது அவசியம்.

இன்று பகலில் செய்ய வேண்டியது மொய்க்குப் பதிலாக எல்லாரும் சேர்ந்து கொடுக்கும் பொருளை வாங்குவது. கும்பகோணத்திலிருந்து திருவாரூர் சாலையில் 10 கிலோமீட்டர் போனால் நாச்சியார்கோயில். இங்கே வார்க்கும் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆற்று வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, உருக்கிய பித்தளையை ஊற்றி, ஆறியபின் கடைசல் பிடித்துச் சீவுகிறார்கள். அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் பிரபை என்று பகுதி பகுதியாகச் செய்து மரை வைத்து முடுக்குவது வழக்கம். எடைக்குத்தான் விலை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது மூன்று. தரையில் வைத்து உச்சியைத் தொட்டு லேசாக அசைக்க வேண்டும், அடி ஆடினால் எண்ணெய் ஊற்றிய பின் இன்னும் ஆடும். தட்டில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும், வார்ப்பில் காற்றுப் புகுந்து விழுந்த பொடிப்பொத்தல் இருந்தால் அடியில் ஈரம் தெரியும். அப்புறம் மரை. இது ஜோடி விளக்கில்தான் தகராறு செய்யும். ஒவ்வொரு தண்டுக்கும் அதன் தட்டைப் பொருத்திப் பார்த்து மரை வெட்டியிருப்பார்கள். இரண்டு விளக்கையும் கழற்றி ஒரே பெட்டியில் போட்டுவிட்டால், வீட்டில் மாற்றி முடுக்கி, பாதியில் இறுகி நின்றுவிடும். ஒன்றின் பகுதிகளுக்கெல்லாம் சிவப்பு நூல், மற்றதற்கு மஞ்சள் நூல் கட்டிச் சுற்றினால் தீர்ந்தது. பெயர் வெட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். விளக்கை மேடையில் கொடுக்க வேண்டாம், இன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்பே பெரியவர்கள் கையில் கொடுத்துவிடுவது நல்லது. நாளைக் காலை மேடைக் கூட்டத்தில் அது யார் காலிலாவது இடறும்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகப் பேசி வைக்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்புக்கும் ரயிலடிக்கும் ராத்திரி முழுக்க ஓடுகிற கல்யாண வேன் ஓட்டுநரையே "அண்ணே, திங்கக்கிழமை நீங்களே மலைக்கும் வந்துடுங்க" என்று பிடிக்கக் கூடாது. பழக்கமானவராக இருப்பார், வாடகையும் குறைத்துக்கொள்வார். ஆனாலும் கூடாது.

ஞாயிறு, கல்யாணம்

முகூர்த்தம் ஏழரை ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை நாலரைக்குத்தான், எமகண்டம் பன்னிரண்டுக்கு மேல். அதனால் காலைப் பொழுது முழுக்கச் சுத்தமாக இருக்கும், பல மண்டபங்களில் ஒரே நேரத்தில் கெட்டிமேளம் கேட்கும். ஆறரைக்குள் டிபன் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் தாலி கட்டும் நேரத்துக்கு மேடை அருகில் இருக்கலாம். ஏழு மணிப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் கை கழுவும் இடத்திலிருந்துதான் அட்சதை போடுவார்கள்.

கும்பகோணம் பந்தியில் கடப்பாவைத் தவறவிடக் கூடாது. வெளியூர்க்காரர்கள் இதைக் குருமா என்று நினைத்துக்கொள்வார்கள், ருசி வேறு. பத்துப் பேருக்கு என்றால் பாசிப்பருப்பு 200 கிராம், உருளைக்கிழங்கு அரைக் கிலோ. பருப்பைக் குழைய வேகவைத்து, கிழங்கைத் தனியாக வேகவைத்துக் கையால் உடைத்துப் போட வேண்டும். அரைப்பதற்குத் தேங்காய் அரை மூடி, பொட்டுக்கடலை இரண்டு கரண்டி, சோம்பு, கசகசா, பூண்டு, பச்சை மிளகாய் ஏழெட்டு. மிளகாய்த்தூள் சேராது, நிறம் வெளிர் மஞ்சளாகவே இருக்க வேண்டும். வெங்காயம், தக்காளி, பட்டை, பிரிஞ்சி இலை வதக்கி எல்லாவற்றையும் சேர்த்து, அரைத்த விழுது போட்ட பிறகு ஒரே கொதிதான். அதற்கு மேல் அடுப்பில் விட்டால் பொட்டுக்கடலை இறுகிக் கூழாகிவிடும். இறக்கி எலுமிச்சம்பழம் பிழிவார்கள். இட்லிக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று டெல்டாவில் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

மத்தியானம் முழுச் சாப்பாடு சாப்பிடலாம், மலைக்கு இன்னும் ஒரு ராத்திரி இருக்கிறது. தாம்பூலப் பையில் வரும் தேங்காயை இங்கேயே யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும், 11 பேர் 11 தேங்காய் வண்டியில் உருண்டுகொண்டே இருக்கும். வெற்றிலை மட்டும் வேண்டும். கும்பகோணம் கொழுந்து வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வாழைப்பட்டைக்குள் வைத்தால் புதன் வரை வாடாது. பிளாஸ்டிக் பையில் கட்டினால் மறுநாளே அழுகல் வாடை.

பட்டுப்புடவைகளும் மலைக்கு வேண்டாம். திருபுவனம் பட்டில் ஜரிகை இருக்கிறது, வியர்வை ஈரத்தோடு பெட்டியில் திணித்தால் ஜரிகை கறுக்கும். நிழலில் அரை நாள் காற்றாட விட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றிக் கல்யாண வீட்டிலேயே கொடுத்துவைப்பது மேல்.

மாலையில் வெகுதூரம் போக வேண்டாம். சுவாமிமலை 8 கிலோமீட்டர்தான். பெயரில் மலை இருந்தாலும் இது கட்டுமலை, மலையில்லாத மண்ணில் முருகனுக்காக ஆட்கள் எழுப்பியது. படிகள் 60, தமிழ் வருடங்கள் அறுபதைக் குறிப்பவை என்பார்கள், பிரபவ முதல் அட்சய வரை. நாளை மறுநாள் இறங்கப்போகிற படிகளோடு ஒப்பிட்டால் இது விளையாட்டு. ஆனாலும் இந்த அறுபதிலேயே முழங்கால் வலிக்கிறவர் யார் என்று இன்றைக்கே தெரிந்துவிடும். அவருக்கு மலையில் வேறு திட்டம் போட வேண்டும்.

ஒன்பது மணிக்குப் படுக்கை. பழைய கூட்டாளிகள் சேர்ந்தால் பேச்சு இரண்டு மணி வரை போகும் என்பது தெரியும். அந்தப் பேச்சை நாளை ராத்திரிக்கு ஒத்திவைப்பதுதான் இந்தப் பயணத்தின் ஒரே கட்டுப்பாடு.

திங்கள், ஏற்றம்

வண்டி 12 பேர் உட்காரும் டெம்போ டிராவலர். மஞ்சள் பலகை வண்டியாகத்தான் எடுக்க வேண்டும். வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டினால் விபத்தில் காப்பீடு கிடைக்காது. பேசும்போது நாள் வாடகை, கிலோமீட்டர் கணக்கு, ஓட்டுநர் படி, சுங்கம் ஆகியவற்றோடு, "மலையில் ஓட்டியிருக்கிறாரா" என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மலையில் ஓட்டுநர் தூங்குவதற்கும் ஒரு கட்டில் நம் கணக்கில் சேர வேண்டும். வண்டியிலேயே படுத்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது பெரிய தவறு. தை மாதக் குளிரில் அவர் விடிய விடிய விழித்திருப்பார்.

கிளம்பியது ஐந்தரைக்கு. இன்னும் முன்னால் கிளம்பலாமே என்று தோன்றும். தை மாதத்தில் டெல்டாவில் விடியும் வரை பனிமூட்டம், கூடவே சம்பா அறுவடை. சாலையோரம் நெல் காயவைத்திருப்பார்கள், குவியலைச் சுற்றிக் கல் அடுக்கியிருப்பார்கள். அறுவடை இயந்திரம் விளக்கில்லாமல் ஊர்ந்து போகும். கொள்முதல் நிலையத்துக்கு வெளியே லாரிகள் பாதிச் சாலையை அடைத்து நிற்கும். பனியில் முகப்பு விளக்கை உயர்த்திப் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், தாழ்த்தித்தான் வைக்க வேண்டும். திருவையாறு வழி அழகு என்று அந்தப் பக்கம் திரும்ப ஆசை வரும். சாலை குறுகல். தியாகராஜர் ஆராதனை நாட்களாக இருந்தால் ஊரைத் தாண்டவே நேரமாகும். பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் போவதே உத்தமம்.

தஞ்சாவூர் 40 கிலோமீட்டர், அங்கிருந்து திருச்சி கிட்டத்தட்ட 57. திருச்சியில் காவிரி, கொள்ளிடம் இரண்டையும் தாண்டி வடகரையில் ஏறினால் குணசீலம், முசிறி, தொட்டியம் என்று நாமக்கல் வரை ஒரே சாலை. முசிறி வரை இடது பக்கம் ஆறு கூடவே வரும். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம், அதற்குப் பிறகு போனால் மணல்தான் அகலமாகத் தெரியும்.

காலைச் சாப்பாடு முசிறியில், எட்டே முக்கால் மணி. ஆளுக்கு மூன்று இட்லி, அவ்வளவுதான். பொங்கலும் வடையும் நெய்யும் வளைவில் மேலே வரும். பால் காபியும் வேண்டாம். வளைவு ஆரம்பிக்கும்போது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வெறும் வயிறும் உதவாது, புளித்துக்கொண்டு வரும். வாந்தி வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை வைத்திருந்தால் அதை நாமக்கல்லிலேயே போட வேண்டும், முதல் வளைவில் போட்டுப் பயனில்லை. அவர்கள் முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்க வேண்டும். கைப்பேசியைப் பார்த்தால் கண் ஓரிடத்தில் நிற்க, உடம்பு மட்டும் சுற்றும், குமட்டல் அதில்தான் தொடங்குகிறது. இஞ்சிமொரப்பா ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. டீசலும் ரொக்கமும் கீழேயே. காரவள்ளிதான் அடிவாரம், இங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கிறது. அடிவாரத்தில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி, டயர் காற்று, குளிர்விக்கும் தண்ணீர், பிரேக் எண்ணெய் மூன்றையும் பார்த்தோம். கூரையில் கட்டிய பெட்டிகளையும் இறக்கி உள்ளே வைக்க வேண்டும். உச்சியில் பாரம் இருந்தால் வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்.

ஏறும்போது வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். சமதளத்தில் ஓட்டிப் பழகியவர்கள் வளைவின் நடுவில் கியர் மாற்றப் பார்ப்பார்கள், வண்டி நின்று பின்னால் நகரும். பின்னால் பேருந்து இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குளிர்சாதனத்தை அணைத்துச் சன்னலைத் திறந்துவிட்டால் இழுவையும் கூடும், குமட்டலும் குறையும். ஒவ்வொரு வளைவிலும் ஒலிப்பான். இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும், ஏறுகிறவருக்கே முதல் உரிமை. அரசுப் பேருந்து வந்தால் மட்டும் யார் உரிமை என்று பார்க்காமல் முன்கூட்டியே அகலமான இடத்தில் நின்றுவிடுவது நல்லது, அதற்கு முழு வளைவும் வேண்டும். காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் திறக்கும்.

முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்தும் மலைக்கு ஒரு சாலை இருக்கிறது, வளைவு குறைவு. தலைசுற்றல் கடுமையாக உள்ளவர்கள் அந்தப் பக்கம் வரலாம்.

மேலே சேர பன்னிரண்டரை. சோளக்காடு, அதைத் தாண்டிச் செம்மேடு. செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலையை ஆண்டவன். ஆடிப்பெருக்கை ஒட்டி அவனுக்கு இங்கே விழா எடுக்கிறார்கள். நாம் கீழே காவிரிக்குக் காதோலை கருகமணி விடும் அதே நாட்களில்.

மதியத்துக்கு மேல் ஒன்றும் பார்க்கவில்லை. சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, தூக்கம். ராத்திரி 15 டிகிரியை ஒட்டி இறங்கியது. டெல்டாக்காரர்களுக்கு ஸ்வெட்டரைவிடக் காதை மூடும் குல்லா முக்கியம். ஒத்திவைத்த பேச்சை இந்தக் குளிரில் கணப்பைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம். அப்போதும் பதினொன்றுக்குள் படுத்துவிட வேண்டும்.

செவ்வாய், ஆகாய கங்கை

அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கைக்குப் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள், செங்குத்து, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. அருவி சுமார் 300 அடி உயரம். விழுகிற ஆற்றின் பெயர் அய்யாறு. திருவையாற்றுக்காரர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். ஊர்ப்பெயர் வந்த கதை வேறு, ஆனால் உறவு இருக்கிறது. இந்தத் தண்ணீர் மலையின் மறுபக்கம் புளியஞ்சோலையில் இறங்கி, திருச்சி மாவட்டத்தில் ஓடிக் காவிரியில் சேர்கிறது. நம் வாய்க்காலுக்கு வருகிற தண்ணீரில் ஒரு கை அளவு இங்கிருந்து விழுவதுதான். குடகு வரை போகாமலே ஆற்றின் ஒரு பிறப்பிடத்தில் தலை நனைக்கலாம் என்பதற்காகவே டெல்டாவிலிருந்து இந்த மலைக்கு வரலாம்.

இறங்க முக்கால் மணி நேரம், ஏற ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் அனுமதி தொடங்கியதுமே இறங்கிவிடுவது சிறந்தது. எப்படியானாலும் மூன்று மணிக்கு மேல் இறங்கத் தொடங்கக் கூடாது, பள்ளத்தாக்கில் சீக்கிரம் இருட்டும். இறங்குவது சுலபம் என்ற நினைப்பில் எல்லாரும் வேகமாக இறங்குவார்கள். ஒவ்வொரு படியிலும் உடம்புப் பாரம் முழுவதையும் தொடைத்தசை பிடித்து நிறுத்துகிறது, அதனால் பாதியிலேயே கால் நடுங்கத் தொடங்கும். நடுக்கம் வந்ததும் உட்கார வேண்டும், வீராப்பாக இறங்கினால் ஈரப்படியில் வழுக்கும். குறுக்காகக் காலை வைத்து, கம்பியைப் பிடித்து, நூறு படிக்கு ஒரு முறை நிற்பது சரியான கணக்கு. ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அதில் பாதியில் எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கலந்துகொண்டால் ஏறும்போது கெண்டைக்கால் இழுக்காது. குரங்குகள் பையைப் பிடுங்கும், தின்பண்டத்தைக் கையில் காட்டக் கூடாது. தை மாதத்தில் அருவியில் தண்ணீர் மிதமாக இருக்கும், அடியில் நிற்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் அதிகம், ஆனால் மழை வலுத்தால் வழியை அடைத்துவிடுவார்கள். முழங்கால் வலிக்காரருக்கு மாசிலா அருவி போதும், அங்கே படிகள் குறைவு.

மேலே ஏறி வந்ததும் கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கிடைக்கும். பாறையிலும் மரத்திலும் படர்கிற ஒரு பெரணியின் கிழங்கு, வெளியே பழுப்பு முடி அடர்ந்து ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். முடியைச் சுரண்டித் தோலைச் சீவி, நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு தட்டிக் கொதிக்கவைக்கிறார்கள். மூட்டுவலிக்குக் கேட்கும் என்று மலைக்காரர்கள் சொல்கிறார்கள். வலி தீர்கிறதோ இல்லையோ, ஆயிரம் படி ஏறிய உடம்புக்கு அந்தச் சூடும் காரமும் தேவைப்படுகிறது. வாங்கிப் போகிறவர்கள் முடியை ஒன்றுவிடாமல் சுரண்ட வேண்டும், விட்டால் தொண்டையில் உறுத்தும்.

பிற்பகல் எட்டுக்கை அம்மன் கோயில், அப்புறம் சீக்குப்பாறைக் காட்சிமுனை. சாயங்காலம் பனி ஏறுவதற்குள் போனால்தான் கீழே சமவெளி தெரியும்.

புதன், இறக்கம்

சோளக்காட்டுச் சந்தைப் பக்கம் மிளகு வாங்கினோம், தை மிளகு பறிக்கும் காலம். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டால் கெட்டி மிளகு அடியில் போகும். மிதப்பது உள்ளீடில்லாத பதர், அல்லது பப்பாளி விதை. பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், அமுங்கினால் ஈரம். ஈரமிளகு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி டப்பாவில் அடைத்தால் கும்பகோணத்துப் புழுக்கத்தில் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். பலாவுக்குச் சித்திரை, வைகாசியில்தான் வர வேண்டும்.

இறங்கும்போதுதான் அதிகக் கவனம். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். வண்டியை இஞ்சின் பிடித்து நிறுத்த வேண்டும், பிரேக் அதற்கு ஒத்தாசை மட்டும். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு, பிரேக்கை மிதித்த காலை எடுக்காமல் இறங்கினால் முப்பதாவது வளைவுக்குள் கருகல் வாடை வரும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. நாள்பட்ட எண்ணெயாக இருந்தால் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். அப்படி ஆனால் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தட்டு வெடிக்கும். இருபது வளைவுக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் நின்று இறங்கினால் இந்த நிலைமையே வராது.

நாமக்கல்லில் ஒரே பாறையில் குடைந்த நரசிம்மர் கோயில், எதிரே 18 அடி ஆஞ்சநேயர். ஒரு மணி நேரம் போதும். திருச்சி சந்திப்பில் ராத்திரி ரயில் பிடிக்கிறவர்கள் மலையிலிருந்து பத்து மணிக்குள் இறங்கத் தொடங்கினால் நாலு மணிக்குத் திருச்சி, குளித்துச் சாப்பிட்டு நிதானமாக ஏறலாம். தொடை வலி இன்றைவிட நாளை அதிகமாக இருக்கும், மேல் படுக்கை கிடைத்தவர்கள் கீழ்ப் படுக்கைக்கு மாற்றிக் கேட்டுப் பார்க்கவும். கும்பகோணம் திரும்புகிறவர்கள், கல்யாண வீட்டில் விட்டுவந்த பட்டுப்புடவைகளை மறக்காமல் வாங்கிக்கொள்ளவும்.